மார்கழிச் சிக்கு

ஐப்பசி அடைமழை ஓய்ந்து கார்த்திகை பிறந்ததும் கொட்டாம்பட்டிக்காரரின் கைப்பேசி விடாமல் அடிக்கத் தொடங்கும். மேலூரிலிருந்து, சிங்கம்புணரியிலிருந்து, துவரங்குறிச்சியிலிருந்து, நத்தத்திலிருந்து அழைப்பார்கள். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, நாய்க்கு முடியெல்லாம் திரிதிரியாப் போச்சு, சீப்பே உள்ள போகமாட்டேங்குது. எப்ப வருவீங்க?" கோடை முழுக்க அவரை நினைக்காத வீடுகளும் அப்போது நினைத்துக்கொள்ளும். குட்டை நாய்களுக்கு முடி வெட்டிச் சிக்கெடுத்து, குளிப்பாட்டி, நகம் எடுத்துவிடுவது அவர் தொழில். ஸ்கூட்டரின் முன்னால் ஒரு பெட்டி, பின்னால் ஒரு மடக்கு மேசை. மதுரைக்கு வடக்கே திருச்சி நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊரில் இப்படியொரு பிழைப்பு நடக்கும் என்று இருபது வருடத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் ஊரே நம்பியிருக்காது.

இதற்கு வருமுன் அவர் கயிற்று மில்லில் வேலை பார்த்தவர். கொட்டாம்பட்டியைச் சுற்றித் தென்னந்தோப்புகள் அதிகம். பக்கத்துச் சிங்கம்புணரியில் கயிறு திரிப்பது பேர்போன தொழில். மட்டையை ஊறவைத்து நார் பிரித்து முறுக்கும் இடத்தில் சில ஆண்டுகள் நின்றவருக்கு, நார் எப்போது இளகும், எப்போது இறுகும் என்பது விரல் நுனியில் பதிந்துவிட்டது. பிறகு மதுரையில் ஒரு கடையில் நாய் குளிப்பாட்டும் வேலைக்குப் போனார், கிளிப்பர் பிடிக்கக் கற்றுக்கொண்டார், ஊர் திரும்பினார். "நனைஞ்ச நாருக்கும் நனைஞ்ச முடிக்கும் ஒரே குணம். விட்டுட்டா தானா முறுக்கிக்கும்" என்று அவர் சொல்வதில் இந்தத் தொழிலின் பாதி அடங்கிவிடுகிறது.

இந்த மண்ணின் நாய்களுக்கு இப்படி ஒரு தொல்லையே கிடையாது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாமே உடம்போடு ஒட்டிய குட்டை முடி. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை இந்திய நாய்களுக்காக நான்கு தபால்தலைகள் வெளியிட்டது. முதோல், ராம்பூர் வேட்டை நாய்களோடு நம் ராஜபாளையமும் அதில் உண்டு. நான்காவதாக இமயமலை ஆட்டுக்காவல் நாய். ராஜபாளையத்தையும் இமயமலை நாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முடிக்கும் ஊருக்கும் உள்ள உறவு புரிந்துவிடும். ஒன்று மழையில் நனைந்தால் ஓர் உதறு உதறிவிட்டுப் போய்விடும். மற்றொன்றுக்கு மேலே ஒரு நீள முடி, அடியில் பஞ்சு போன்ற இன்னொரு முடி என்று இரண்டு அடுக்கு.

கொட்டாம்பட்டிக்காரர் பார்க்கும் நாய்களில் பல இந்த இரண்டாவது வகை. ஊரில் எல்லோரும் பொமேரியன் என்று கூப்பிடும் வெள்ளை நாய் உண்மையில் பெரும்பாலும் இந்திய ஸ்பிட்ஸ். 1994-இல் வந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ இந்திப் படத்தில் டஃபியாக வந்து நாடு முழுக்கப் பிள்ளைகளைக் கவர்ந்ததும் அதே இனம்தான். அடுத்து லாசா ஆப்சோ, ஷிட்சு. இரண்டுக்கும் பூர்வீகம் திபெத்தின் பனி மேட்டு நிலம். இவற்றுக்கு முடி உதிர்வது குறைவு, வளர்வது நிற்காது. வெட்டாமல் விட்டால் தரையைத் தொடும்.

இவை கிராமத்துக்கு வந்து சேரும் வழியும் ஒரே மாதிரிதான். மகனோ மகளோ சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கிறார்கள். அடுக்குமாடி வீட்டில் ஆசைக்கு ஒரு குட்டி வாங்குகிறார்கள். குழந்தை பிறக்கிறது, அல்லது வெளிநாட்டு வேலை கிடைக்கிறது. நாய் ஊரிலிருக்கும் பெற்றோரிடம் வந்துவிடுகிறது. குளிர்சாதன அறையில் வளர்ந்த ஷிட்சு, ஒரே மாதத்தில் தோப்புக்கும் கண்மாய்க் கரைக்கும் ஆத்தா பின்னாலேயே ஓடப் பழகிவிடும். அதைப் பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருக்கும். நாயும் அங்கே சந்தோஷமாகத்தான் இருக்கிறது. வாரம் ஒருமுறை சீவிவிட்ட கை மட்டும் சென்னையிலேயே தங்கிவிட்டது. வெயிலுக்கு ஒத்துவராத ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்ற குளிர்நாட்டு இனங்களை இங்கே பெருக்க வேண்டாம் என்று 2024-இல் தமிழக அரசின் நாய் இனப்பெருக்கக் கொள்கை சொன்னது. நல்ல கொள்கை. ஆனால் ஏற்கெனவே திண்ணைக்கு வந்து சேர்ந்துவிட்ட நாய்க்கு ஒரு சீப்பும் ஒரு கையும் வேண்டியிருக்கின்றன.

மதுரை மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் பெய்துவிடுகிறது. அது ஓய்ந்ததும் மார்கழிப் பனி. காலை எட்டு மணிக்கும் புல் நனைந்தே கிடக்கும். சிக்கு விழுவதற்கு இதைவிடத் தோதான காலம் கிடையாது. ஒவ்வொரு முடியின் மேலும் ஓட்டுக்கூரை போல நுண்ணிய செதில்கள் அடுக்கியிருக்கும். ஈரம் பட்டால் முடி உப்பும், செதில்கள் விரியும். அந்த நேரத்தில் உரசல் சேர்ந்தால் ஒரு முடியின் செதில் இன்னொரு முடியைப் பற்றிக்கொள்ளும். காய்ந்த பிறகும் விடாது. காஷ்மீரில் ஆட்டு ரோமத்தை நனைத்து, சோப்புத் தண்ணீர் தெளித்து, உருட்டி உருட்டியே நம்தா விரிப்பு செய்கிறார்கள். தறியும் கிடையாது, ஊசியும் கிடையாது. ஈரமும் உரசலும் மட்டும்தான். நாயின் உடம்பில் நடப்பதும் அதே வேலை. உதிர்ந்த அடிமுடி வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே கிடந்தால் வேலை இன்னும் சீக்கிரம் முடிந்துவிடும்.

எங்கே விழும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். காதுக்குப் பின்னால், முன்னங்கால் அக்குளில், தொடை இடுக்கில், வாலடியில், கழுத்துப் பட்டை உரசும் இடத்தில், பாதத்துக்கு அடியில் விரல் இடைவெளியில். மேலே கையால் கோதிப் பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது. மேல்முடி பளபளவென்று இருக்கும். அடியில், தோலை ஒட்டி, தனியாக ஒரு படலம் உருவாகியிருக்கும். "தினமும் சீவுறோம்ணே" என்று சொல்கிற வீட்டில்தான் இந்தப் படலம் அதிகம் இருக்கும் என்பது அவர் அனுபவம். அவர்கள் பொய் சொல்வதில்லை. தினமும் மேலே சீவியிருப்பார்கள்.

மழைக்குப் பின் இந்தப் பக்கம் முளைத்து நிற்கும் செடிகள் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. தோப்பு வரப்பில் நாயுருவி. அதன் கதிரில் காய்கள் தலைகீழாகத் திரும்பி முள் நீட்டி நிற்பதால், உரசிப் போகும் எதன் மேலும் ஏறிக்கொள்ளும். கண்மாய்க் கரையில் மருளூமத்தையின் கொக்கிக் காய். தரிசில் நெருஞ்சி, ஒட்டுப்புல். எல்லாவற்றிலும் மோசமானது ஊசிப்புல். அதன் விதைக்கு ஒரு நீண்ட வால் உண்டு. பனியில் நனைந்தால் அந்த வால் ஒரு பக்கம் சுழலும், வெயிலில் காய்ந்தால் மறுபக்கம் சுழலும். மண்ணுக்குள் விதையைத் துளைத்து இறக்குவதற்காக இயற்கை செய்துகொடுத்த ஏற்பாடு அது. நாயின் முடிக்குள் சிக்கினால் அதே சுழற்சியில் தோலைத் துளைக்கும். சிக்குக்கு நடுவே ஒரு முள்ளோ விதையோ இருந்தால், அதைச் சுற்றி முடி நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே போகும். தென்னை நார்த்தூளும் அப்படித்தான். மில்லை ஒட்டிய வீடு ஒன்றில் ஒரு ஸ்பிட்ஸுக்கு அக்குளில் எடுத்த சிக்கைப் பிரித்துப் பார்த்தபோது, முடியைவிட நார்தான் அதிகம் இருந்தது.

அவரைக் கூப்பிடுமுன் வீட்டுக்காரர்கள் ஏதாவது வைத்தியம் செய்திருப்பார்கள். முதல் வைத்தியம் குளியல். சிக்கு விழுந்த நாயைப் பிரிக்காமலே குளிப்பாட்டினால், உள்ளே போன தண்ணீரும் சோப்பும் வெளியே வராது; மேல்முடி காய்ந்தாலும் அடிப்படலம் அடுத்த நாள் வரைக்கும் ஈரமாகவே இருக்கும். கார்த்திகை மாதத்து மூடிய வானத்தில் கேட்கவே வேண்டாம். துண்டால் பரபரவென்று துவட்டினால் இன்னும் மோசம். மனிதர்களுக்கான சோப்பும் ஒத்துவராது. நம் தோல் லேசான அமிலத் தன்மை உடையது, அமில அளவில் 5.5-ஐ ஒட்டி இருக்கும். நாய்த்தோல் 7-க்குப் பக்கம். நம் மேல்தோலில் பத்துப் பதினைந்து செல் அடுக்குகள் இருந்தால் நாய்க்கு மூன்றிலிருந்து ஐந்துதான். அவ்வளவு மெல்லிய தோல்.

இரண்டாவது வைத்தியம் தேங்காயெண்ணெய். பிள்ளைகள் தலையில் சிக்கெடுக்கப் பழகிய கைகளுக்கு அது இயல்பாக வருகிறது. கொஞ்சமாக, ஒரே ஒரு முடிச்சில் தொட்டு விரலால் பிரிப்பதை அவர் குறை சொல்லமாட்டார். உடம்பு முழுக்கத் தேய்த்துவிட்டால் தோப்புப் புழுதி அத்தனையும் ஒட்டும், எறும்பு வரும், நாய் நக்கி நக்கி வயிற்றால் போகும். உண்ணிக்கென்று சிலர் மண்ணெண்ணெய் தடவுகிறார்கள். இதைக் கேட்டால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். அது தோலைப் புண்ணாக்கும். நக்கினால் உள்ளே போய் நுரையீரல் வரைக்கும் கெடுக்கும்.

மூன்றாவது, கத்தரிக்கோல். இதுதான் ஆகக் கொடியது. சிக்கை இழுத்துப் பிடித்து அடியில் வெட்டும்போது, சிக்கோடு சேர்ந்து தோலும் மேலெழும்பி வரும். எது முடி, எது தோல் என்று விரலுக்குத் தெரியாது. நாய் திமிறும். ஓர் அங்குலத்துக்குத் தோல் திறந்துகொண்ட நாய்களை அவர் பார்த்திருக்கிறார். தையல் போடக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போகச் சொல்லிவிட்டு மேசையை மடக்கியிருக்கிறார்.

கருங்காலக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததை அவர் விரிவாகவே சொல்வார். மார்கழி நடுவில் ஒரு நாள். ஷிட்சு, பெயர் புஜ்ஜி, வயது நாலு இருக்கும். பேத்தி பெங்களூரில் வளர்த்தது. தீபாவளிக்கு வந்தபோது விட்டுவிட்டுப் போனது. ஆத்தா அதற்குக் குளிருமே என்று கம்பளி ஸ்வெட்டர் ஒன்று மாட்டி, இரவும் பகலும் கழற்றாமல் வைத்திருந்தார். பாசத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆத்தா சாப்பிடும் தட்டிலேயே அதற்கும் ஒரு உருண்டை.

ஸ்வெட்டரைக் கழற்றியதும் வாடை வந்தது. அவர் அவசரப்படவில்லை. முதலில் தரையில் உட்கார்ந்து, நாய் தானாக வந்து முகரும்வரை பேசிக்கொண்டிருந்தார். பிறகு கைமேல் கை வைத்துத் தடவினார். முதுகில் விரல் நுழைந்தது. விலாவில் நுழையவில்லை. இரண்டு அக்குளும் உடம்போடு ஒட்டிப்போய், முன்னங்கால்களை முழுதாக நீட்டி வைக்கவே முடியாமல் இருந்தது. "நடை ஒரு மாதிரி குறுகிப் போச்சு தம்பி, வயசாயிருச்சோன்னு நெனச்சேன்" என்றார் ஆத்தா. நாலு வயது நாய்க்கு என்ன வயசு! ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் அக்குளில் தோல் இழுபட்டிருக்கிறது. இடது காதுக்குப் பின்னால் எலுமிச்சம்பழம் அளவில் ஒரு கட்டி. கட்டி என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள். உள்ளே மருளூமத்தைக் காய்.

"பிரிச்சு எடுத்துரலாம்ல? மொட்டை அடிச்சா பேத்தி வந்து அழுவா" என்று ஆத்தா கேட்டார்.

"காதோரத்துல ரெண்டு மூணு முடிச்சப் பிரிக்கலாம் ஆத்தா. இது உடம்பெல்லாம் இருக்கு. நான் பிரிக்க உக்காந்தா சாயந்தரம் வரைக்கும் இது வலியில கெடக்கும். உங்க முடிய ஒரு கொத்தாப் புடிச்சு நாலு மணி நேரம் இழுத்தா எப்படி இருக்கும்?"

"மார்கழிப் பனியில மொட்டை அடிச்சா சளி புடிக்காதா?"

"இப்ப அது மேல இருக்கறது ஈரச் சாக்கு ஆத்தா. அதைப் போட்டுக்கிட்டுப் படுக்கறதுதான் குளிரு."

இந்த இடத்தில்தான் அவருடைய தொழில் அறிவு முழுதும் நிற்கிறது. எதைச் சீவுவது, எதை மழிப்பது என்று முடிவெடுப்பது. முடிச்சு தனியாக நின்று, அடியில் தோல் அசைந்து கொடுத்து, முடிச்சுக்கும் தோலுக்கும் நடுவே சீப்பின் பல் நுழைந்தால் பிரிக்கலாம். மக்காச்சோள மாவைக் கொஞ்சம் தூவி, முடியின் அடியை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இழுப்பு தோலுக்குப் போகாதபடி, நுனியிலிருந்து மேல்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்க வேண்டும். நம் வீட்டுப் பெரிய மனுஷிகள் நீள முடிக்குச் சிக்கெடுக்கும் முறைதான். வேரிலிருந்து தொடங்கினால் எல்லா முடிச்சும் கீழே வந்து ஒன்றுகூடும். சீப்பு நுழையவே இல்லை என்றால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை, கிளிப்பர்தான். அழகு மூன்று மாதத்தில் திரும்ப வளரும். வலியில் பயந்த நாய் மறுபடி சீப்பைக் கண்டாலே கடிக்க வரும், அது ஆயுளுக்கும் போகாது.

புஜ்ஜிக்கு அவர் எடுத்தது 10-ஆம் எண் பிளேடு. தோலில் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் முடியை விட்டுவிட்டு வெட்டும். புதிதாக வருகிறவர்கள், கொஞ்சம் முடி மிச்சமிருக்கட்டுமே என்று பெரிய பல் உள்ள பிளேடை எடுப்பார்கள். இறுகிய சிக்கில் அதுதான் ஆபத்து. அகலமான பல் இடைவெளிக்குள் தோல் மடிந்து நுழைந்துவிடும். சிக்கை வெட்ட முடியாது, சிக்குக்கு அடியில் தோலை ஒட்டிப் போகத்தான் முடியும். அக்குளிலும் தொடை இடுக்கிலும் தோலை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, மெல்ல நகர்த்துகிறார். சில நிமிடத்துக்கு ஒருமுறை பிளேடைத் தன் முழங்கையின் உட்புறத்தில் தொட்டுப் பார்க்கிறார். ஓடும் பிளேடு சூடாகும், நாய்த்தோலைச் சுட்டுவிடும். அதற்கென்று பெட்டியில் ஒரு சின்ன கிரானைட் துண்டு. மேலூர்ப் பக்கம் கிரானைட்டுக்குப் பஞ்சமா? பிளேடை அதன்மேல் வைத்தால் சூடு இறங்கிவிடும். அதற்குள் மாற்றுப் பிளேடு வேலை செய்யும்.

விலாப் பக்கத்துப் படலம் தனித்தனியாக உதிராமல், ஒரே துண்டாக உரிந்து வந்தது. அடியில் தோல் சிவந்து, அங்கங்கே வெள்ளைப் பொருக்கு. அக்குளில் ஈரப் புண். கொத்தாக உண்ணிகள். ஆத்தா அதைப் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். சற்று நேரம் கழித்து வந்து, நாயின் தலையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றார்.

காதைக் கடைசியில்தான் எடுத்தார். அதற்குக் காரணம் உண்டு. காதுமடலில் சிக்கு இறுகிக் கிடந்தால் அங்கே ரத்த ஓட்டம் தடைபட்டிருக்கும். சட்டென்று எடுத்துவிட்டால் ரத்தம் வேகமாகப் பாயும். குறுகுறுப்பு தாங்காமல் நாய் தலையைப் படபடவென்று உதறும். அந்த உதறலில் மடலுக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கிழிந்து, மடல் ரத்தம் கட்டி உப்பிவிடும். பிறகு மருத்துவர் கீறி எடுக்க வேண்டிவரும். எனவே எடுத்த உடனே காதுகளைத் தலையோடு சேர்த்து ஒரு மெல்லிய பருத்தித் துணியால் தளர்வாகச் சுற்றிவிட்டு, கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டார். வேலை முடிந்து தரையில் விட்டதும் புஜ்ஜி முன்னங்கால் இரண்டையும் நீட்டி ஒரு நெட்டி முறித்தது. "பாருய்யா, காலு நீளுது" என்றார் ஆத்தா.

மழித்த முடியை அவர் குப்பையில் போட விடவில்லை. ஒரு துண்டை ஆத்தாவின் கையில் கொடுத்தார். பேத்திக்குக் கைப்பேசியில் படம் அனுப்பச் சொன்னார். யாரையும் குற்றம் சொல்வதற்காக அல்ல. முடி எப்படிப் போனது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டும், ஆத்தா மேல் வருத்தம் வரக்கூடாது என்பதற்காக.

ஈரப்புண்ணுக்கு மருந்து அவர் போடமாட்டார். அது மருத்துவர் வேலை. இதில் அவர் பிடிவாதமாக இருப்பது நல்லது. சிக்குக்கு அடியில் தேங்கும் ஈரம் ஒரே இரவில் வழவழத்த புண்ணாகிவிடக்கூடும்; வாலடியில் மலமும் சிறுநீரும் முடியோடு ஒட்டிக் காய்ந்து தோல் வெந்துபோன நாய்களும் உண்டு; அங்கே ஈ முட்டையிட்டால் புழு வைத்துவிடும். உண்ணி ரத்தத்தை உறிஞ்சுவதோடு நிற்பதில்லை. எர்லிகியா, பபேசியா என்று ரத்த அணுக்களைத் தாக்கும் கிருமிகளைக் கொண்டுவருவது இந்தப் பழுப்பு உண்ணிதான். நாய் சோர்ந்து, சாப்பிடாமல், ஈறு வெளுத்திருந்தால் அவர் கிளிப்பரை வெளியே எடுக்கவே மாட்டார். அருகிலுள்ள அரசுக் கால்நடை மருந்தகத்துக்கோ, பெரிய பிரச்சினை என்றால் மதுரை தல்லாகுளம் கால்நடைப் பன்முக மருத்துவமனைக்கோ போகச் சொல்லிவிடுவார். கடிக்கும் நாய்க்கு மயக்க மருந்து கொடுத்து மழிக்க வேண்டியிருந்தாலும் அப்படித்தான். ‘தூக்க மாத்திரை ஒண்ணு குடுத்துரலாமே’ என்று மனிதர் மாத்திரையை நீட்டுகிறவர்கள் உண்டு. கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிடுகிறார்.

சிக்கு என்பது அழகுப் பிரச்சினை என்று நினைக்கும்வரை இந்த வலி யார் கண்ணிலும் படாது. ஆஸ்திரேலியாவில் 2015-இல் கான்பெராவுக்கு அருகே, பல ஆண்டுகளாக ரோமம் கத்தரிக்கப்படாமல் திரிந்த மெரினோ ஆடு ஒன்றைப் பிடித்தார்கள். மயக்க மருந்து கொடுத்து எடுத்த ரோமம் 40 கிலோவுக்கு மேல். கிறிஸ் என்று பெயர் வைக்கப்பட்ட அந்த ஆட்டின் படம் உலகம் முழுக்கப் போனது. எல்லோரும் பதறினார்கள். ஆறு கிலோ எடையுள்ள ஒரு நாய் கால் கிலோ ஈரச் சிக்கைச் சுமந்துகொண்டு வாசலில் படுத்திருந்தால் பதற யாருமில்லை. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், தன் மூன்றாம் பிரிவிலேயே, ஒரு பிராணியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலத்தைக் காக்கவும் தேவையற்ற வேதனையைத் தவிர்க்கவும் கடமைப்பட்டவர் என்கிறது. கொட்டாம்பட்டிக்காரர் சட்டம் பேசி யாரையும் மிரட்டியதில்லை. ஆனால் அந்தப் பிரிவை அச்செடுத்துப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறார்.

குளிர் பற்றிய கேள்விக்குத் திரும்ப வேண்டும், ஏனென்றால் எல்லா வீட்டிலும் அது வருகிறது. மதுரைச் சமவெளியில் ஜனவரி மாதத்து அதிகாலையும் சராசரியாக 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நாயின் உடல் சூடு 38 முதல் 39 டிகிரி. மழித்த ஷிட்சுவுக்கு இரவில் ஒரு மெல்லிய பருத்திச் சட்டை, படுக்கக் கோணிப்பை, தரை ஈரம் படாத இடம், அது போதும். காலையில் சட்டையைக் கழற்றியாக வேண்டும், நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். கம்பளி வேண்டாம், அதன் உரசலே புதுச் சிக்கைக் கொண்டுவரும். மழித்த முதல் வாரம் உச்சிவெயிலில் விடக்கூடாது, முடி மூடியிருந்த தோல் வெயிலைப் பார்த்ததில்லை.

ஸ்பிட்ஸ் விஷயம் வேறு. அதன் இரண்டடுக்கு முடியை ஒட்ட மழித்துவிட்டால் சில நாய்களுக்கு மேல்முடி சரியாகத் திரும்புவதில்லை. திட்டுத் திட்டாக வளரும், ஓராண்டுகூட ஆகலாம். அதனால் ஸ்பிட்ஸுக்குச் சிக்கு விழுந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டு, மற்றதைப் பொறுமையாகச் சீவி அடிமுடியை வெளியே கொண்டுவரத்தான் பார்ப்பார். அரை நாள் போய்விடும். ‘முழுசா மழிச்சுவிடுங்க, கோடைக்கும் ஆச்சு’ என்று ஸ்பிட்ஸ்காரர்கள் கேட்பதும், ‘மழிக்கவே கூடாது’ என்று ஷிட்சுக்காரர்கள் கேட்பதும் அவர் தினம் காண்பது. இரண்டு பேருக்கும் அவர் சொல்ல வேண்டிய பதில் நேர் எதிரானது.

கூலி விஷயத்தில் பேச்சு நீளும். மனிதருக்கு முடி வெட்ட ஆகும் காசைப் போல பல மடங்கு நாய்க்கா என்று கேட்பார்கள். சிக்கு விழுந்த நாய்க்கு இரண்டு மூன்று மணி நேரம், ஒன்றுக்கு மேற்பட்ட பிளேடின் கூர், முதுகு வலி. மண்ணும் நாரும் கலந்த முடி பிளேடை எவ்வளவு சீக்கிரம் மழுக்கும் என்பது வெளியாருக்குத் தெரியாது. தெருவில் கத்தி சாணை பிடிக்கிறவரிடம் இதைக் கொடுக்க முடியாது. இரண்டு தட்டும் ஒன்றோடொன்று சமமாக உட்கார வேண்டும், ஒரு மயிரிழை பிசகினாலும் தோலைக் கடிக்கும். கொடுக்க முடியாத வயதானவர்களிடம் அவர் பெட்ரோல் காசோடு நிறுத்திக்கொள்கிறார். அப்படிப்பட்ட வீடுகளில் தோப்பிலிருந்து நாலு தேங்காய் வண்டியில் ஏறிவிடும்.

வேலை முடிந்த பிறகு அவர் கிளம்பிவிடுவதில்லை. அரை மணி நேரம் பாடம் நடக்கும். வீட்டில் யாருக்குப் பொறுமை அதிகமோ அவரைக் கூப்பிடுவார். பெரும்பாலும் அது பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளையாக இருக்கும். மடியில் நாயைப் படுக்கவைத்து, முடியை வகிடெடுத்தாற்போல் ஒரு பக்கம் ஒதுக்கித் தோல் தெரியும்படி வைத்துக்கொண்டு, ஒரு வரியை அடிவரை சீவி, அடுத்த வரியை இறக்கி, அதையும் சீவி, இப்படியே மேலே போக வேண்டும். கம்பிப்பல் தூரிகை முதலில், எஃகுச் சீப்பு பிறகு. தூரிகை மேலே வழுக்கி ஏமாற்றும், சீப்பு ஏமாற்றாது. தோலிலிருந்து நுனிவரை சீப்பு தடையில்லாமல் வந்தால்தான் அந்த இடம் முடிந்தது. தோட்டத்துக்குப் போய்விட்டு வந்தால் முதலில் காலும் காதும் பார்க்க வேண்டும், முள்ளை அப்போதே எடுத்துவிட வேண்டும், நனைந்திருந்தால் துண்டால் ஒற்ற வேண்டும், தேய்க்கக்கூடாது. தலைக்குப் போடும் உலர்த்தி வீட்டில் இருந்தால் சூடு இல்லாத காற்றில் வைத்து, சீவிக்கொண்டே காயவைக்கலாம். குளிப்பாட்டுவதற்கு முன்னால் கட்டாயம் சீவல். கழுத்துப் பட்டை இரவில் கழற்றப்பட வேண்டும். தோப்பு நாய்க்கு அக்குள், தொடை இடுக்கு, பாதத்தடி முடியை மாதம் ஒருமுறை ஒட்டக் குறைத்துவிட்டால் பாதிச் சிக்கு விழவே விழாது.

கருங்காலக்குடி ஆத்தாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, வரிவரியாகச் சீவுவது நடக்காது. அவருக்கு வேறு ஏற்பாடு. புஜ்ஜியின் முடி விரற்கடைக்கு மேல் வளரவிடுவதில்லை என்று பெங்களூர்ப் பேத்தியோடு பேசி முடிவாகிவிட்டது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை அவர் போய்க் குறைத்துவிட்டு வருவார், பணம் அங்கிருந்து கைப்பேசியிலேயே வந்துவிடும். இடைப்பட்ட நாளில் எதிர்வீட்டு எட்டாம் வகுப்புப் பையன் சாயங்காலம் வந்து காதையும் பாதத்தையும் பார்த்து முள் எடுத்துவிட்டுப் போகிறான். அடுத்த ஐப்பசிக்கு முன்னால், மழை பிடிக்கிறதற்குள், ஒரு முறை வந்துவிடச் சொல்லி ஆத்தா இப்போதே தேதி கேட்டு வைத்திருக்கிறார்.